நாவல்மரத்தின் மேல் ஒரு திருட்டு வழக்கு

"டீச்சர், இது என் தண்ணி."

மைதீன் பாய் இதைச் சொல்லும்போது, எங்கள் வீட்டு நாவல்மரத்தின் தாழ்ந்த கிளையில் நான் கட்டியிருந்த பாலிதீன் பையை ஒரு விரலால் சுண்டிக்கொண்டிருந்தார். பைக்குள்ளே ஒரு கொத்து இலை. பையின் அடி மூலையில், காப்பி டம்ளரில் பாதி காணும் அளவுக்குத் தெளிந்த தண்ணீர். வெளியே சித்திரை மாதத்துப் பாளையங்கோட்டை வெயில். செருப்பில்லாமல் வாசலுக்குப் போனால் குதித்துக்கொண்டே திரும்பி வர வேண்டும்.

"ஒங்க தண்ணியா? அதுல ஒங்க பேரு எழுதியிருக்கோ?" என்றேன்.

"பேரு எதுக்கு டீச்சர்? நேத்து வரைக்கும் என் கெணத்துல கெடந்துச்சி. இன்னைக்கு ஒங்க கவருக்குள்ள கெடக்கு. இதவிடக் கம்மியா எடுத்தவன்லாம் இங்கன ஜெயில்ல இருக்கான்."

மரத்தடியில் வயர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் கணவர் சிரித்துவிட்டார். சிரித்த கையோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பைபாஸ் முடிந்து தையல் ஆறிக்கொண்டிருந்த நெஞ்சு. பலமாகச் சிரிக்கக் கூடாது, இருமக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். பக்கத்து வீட்டில் மைதீன் பாய் இருக்கிறார் என்பதை நாங்கள் டாக்டரிடம் சொல்லவில்லை.

காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் உயிரியல் சொல்லிக்கொடுத்தவள் நான். என் மரத்தைக் காப்பாற்ற நான் கொண்டுவந்து நிறுத்திய சாட்சி, எதிர்க்கட்சிக்காகப் பேசிவிட்டது.

இந்த வழக்கு எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். போன வாரம் இந்தப் பத்தியில் எழுதிய, எங்கள் சபைப் பாடகர் குழுவில் நடந்த சண்டையை நான் பாதியில் விட்டுவிட்டதாகச் சிலர் கோபப்பட்டிருக்கிறீர்கள். சண்டையே பாதியில்தான் நிற்கிறது. அதற்கு நான் என்ன செய்ய?

மதிலுக்கு அந்தப் பக்கம்

எங்கள் வீட்டுக்கும் மைதீன் பாய் வீட்டுக்கும் நடுவில் ஒரே மதில். இந்தப் பக்கம் என் நாவல்மரம். அந்தப் பக்கம் அவருடைய உறைகிணறு.

பாய் பாதி ஆயுசை வளைகுடாவில் கழித்துவிட்டு வந்தவர். கடல்தண்ணீரைக் காய்ச்சி, அந்த ஆவியைப் பிடித்துக் குடிதண்ணீராக்கும் ஆலையில் வேலை. மழையென்றால் என்னவென்று மறந்துபோன ஊர் அது என்பார். ஊருக்குத் திரும்பியதும் அவர் செய்த முதல் காரியம் கிணற்றைத் தூர்வாரியது. காலையில் தொழுதுவிட்டு வந்ததும் கிணற்றை எட்டிப் பார்ப்பார். பேப்பர் அதற்குப் பிறகுதான். மருமகன் போனில் சுகம் விசாரித்தால் முதலில் கிணற்றின் சுகத்தைச் சொல்லிவிட்டுத்தான் வீட்டில் உள்ளவர்களுக்கு வருவார் என்று அவர் மனைவி ஜைனம்பு என்னிடம் அலுத்துக்கொள்வாள்.

இது நடந்தது இரண்டு மூன்று கோடைகளுக்கு முன்னால். அந்த வருஷம் கிணறு மளமளவென்று இறங்கியது. ஷார்ஜாவில் இருக்கும் மகள் ரிஸ்வானா தலைப்பிரசவத்துக்கு வைகாசியில் வருவதாக இருந்தது. பிள்ளை பெற வருகிற வீட்டில் தண்ணீர் இல்லையென்றால் எப்படி? பாய் ஓர் ஆளைக் கிணற்றில் இறக்கினார். இறங்கியவர் உறை இடுக்கிலிருந்து ஒரு கொத்து வேரைப் பிடுங்கிக்கொண்டு மேலே வந்தார். பூனை எலியைக் கொண்டுவந்து போடுமே, அது மாதிரி பாய் அதை எங்கள் வாசல்படியில் கொண்டுவந்து போட்டார்.

"பாத்தியளா டீச்சர்? ஒங்க மரம் என் கெணத்துல வாய வச்சி உறிஞ்சுது. எளநிக்கு ஸ்ட்ரா போட்டாப்லல்லா போட்டிருக்கு! மரத்த எடுத்திருங்க. எம் மச்சான்ட்ட அறுக்கிற மெஷின் இருக்கு. அரை நாள் வேலை."

"அதுக்கென்ன பாய்" என்றார் என் கணவர்.

இவருக்கு 'இல்லை' என்று சொல்ல வராது. கல்யாணமான புதிதில் எனக்கு இது பெரிய நற்குணமாகத் தெரிந்தது. தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்காரர்களிடமும் "ஒங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு வருவார் என்று பிற்பாடுதான் தெரிந்தது. அன்றைக்கும் அப்படித்தான். அவர் "அதுக்கென்ன" என்றதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு பாய் மச்சானுக்குப் போன் போட்டுவிட்டார். மகள் வந்து சேர்ந்த மறுநாள் மெஷினோடு வருவதாக மச்சான் ஏற்றுக்கொண்டார்.

பாய் சொன்னது பொய்யில்லை. நாவல் தண்ணீரைத் தேடிப் போகும் மரம்தான். எனக்கு அது நன்றாகவே தெரியும். ஆனால் எங்கள் வீடு மேற்குப் பார்த்த கான்கிரீட் வீடு. மத்தியானம் ஃபேன் போட்டால் அடுப்பு வாயில் முகத்தைக் காட்டிய மாதிரி இருக்கும். ஏ.சி. போட்டால் இவருக்கு இருமல் வரும். இருமினால் தையல் வலிக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து காலைக் காப்பி முதல் விளக்கு வைக்கும் நேரம் வரை இவர் உயிரைத் தாங்கிக்கொண்டிருந்தது அந்த மரத்தடிதான். மரம் போனால் மனுஷன் எங்கே உட்காருவார்? இதுதான் என் கவலை. உலகம் சூடாவதைப் பற்றியெல்லாம் அப்போது எனக்கு யோசிக்க நேரமில்லை.

படத்தில் சும்மா நின்ற மரம்

அதனால் நான் வாதாடினேன்.

"பாய், மரம் தண்ணிய வச்சிக்கிடாது. வேரால குடிக்கும், எல வழியா ஆவியா விட்டுரும். அதுக்குப் பேரு நீராவிப்போக்கு. மரத்தடில குளுகுளுன்னு இருக்குல்லா, அது நெழலால மட்டும் இல்ல, இந்த ஆவியாலயும்தான். அது மேல போயி மேகத்தோட சேரும். பொறவு மழையா வரும்."

"எலயிலருந்து தண்ணி போவுதா? நான் பாக்கலியே."

"கண்ணுக்குத் தெரியாது."

"தெரியாததச் சொல்லி மரத்தக் காப்பாத்தப் பாக்கியளாக்கும்? காட்டுங்க, பாப்போம்."

பாயைச் சொல்லி என்ன பயன்? என் வகுப்பறைச் சுவரிலேயே அது தெரியவில்லை. நீர்ச்சுழற்சி என்று ஒரு பெரிய வண்ணப்படம் தொங்கும். கடலிலிருந்து மேலே ஓர் அம்புக்குறி, மேகத்திலிருந்து மலைக்கு ஓர் அம்புக்குறி, மலையிலிருந்து ஆறு வழியாகத் திரும்பக் கடலுக்கு ஓர் அம்புக்குறி. கரையில் ஒரு தென்னைமரமும் உண்டு. கல்யாண போட்டோவில் ஓரமாக நிற்கும் தூரத்துச் சொந்தக்காரர் போல அது பாட்டுக்கு நிற்கும். ஓர் அம்புக்குறியும் அதைத் தொடாது.

அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது, சேரன்மகாதேவிப் பக்கம் வயலும் வாழையுமாக வருகிற இடத்தில் ஜன்னல் வழியாகச் சட்டென்று ஒரு குளிர்ந்த காற்று முகத்தில் படும். தூங்கிக்கொண்டிருக்கிறவர்கள்கூட கண்ணைத் திறந்து "ஆகா" என்பார்கள். ஆற்றுத் தண்ணீரைக் குடித்த நெல்லும் வாழையும் விடுகிற மூச்சு அது. படம் வரைந்தவர் எங்கள் ஊர் பஸ்ஸில் ஒரு தடவை வந்திருந்தால் அங்கேயும் ஓர் அம்புக்குறி போட்டிருப்பார்.

சரி, கதைக்கு வருகிறேன். கிறிஸ்மஸுக்கு எடுத்த சட்டை வந்த பாலிதீன் பையைத் தேடி எடுத்தேன். காலையில் ஒரு கொத்து இலையை உள்ளே விட்டு வாயை நூலால் இறுக்கிக் கட்டினேன். வெயில் ஏற ஏறப் பைக்குள் புகை போல ஆவி படர்ந்தது. பிறகு முத்து முத்தாக நின்றது. மத்தியானத்துக்குள் வழிந்து கீழே தேங்கிவிட்டது. வெற்றி என்று நினைத்துக்கொண்டு மதில் மேல் எட்டிப் பாயைக் கூப்பிட்டேன்.

அவர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னதுதான் நீங்கள் முதலிலேயே கேட்டது.

திருடன் கெட்டிக்காரன்

"ஒங்க தண்ணின்னா எடுத்துக்கிட்டுப் போங்களேன்!" என்று கத்தினேன். கோபத்தில் சொல்கிற வார்த்தையை எடுத்துக்கொள்ளக் கூடாது என்கிற நாகரிகம் பாய்க்குக் கிடையாது. வீட்டுக்குப் போய் ஒரு சொம்பைக் கொண்டுவந்தார். நூலை மெல்ல அவிழ்த்தார். ஒரு சொட்டுச் சிந்தாமல் வடித்துக்கொண்டார். மதிலுக்கு அந்தப் பக்கம் போய் "பிஸ்மில்லா" என்று சொல்லிக் கிணற்றுக்குள் ஊற்றினார். களக் என்று ஒரு சத்தம் எங்களுக்குக் கேட்டது.

"என்னா, கெணறு நெறஞ்சிட்டா?" என்று அடுக்களையிலிருந்து ஜைனம்பு கேட்டதும் கேட்டது.

என் கணவர் மறுபடியும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் பாய் திரும்பி வந்தார். வெறும் பையை வாங்கி வெயிலில் பிடித்து உள்ளே பார்த்தார். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"டீச்சர், இது எங்க பிளான்டுல்லா! ஆவி, குளுந்த சுவரு, சொட்டு. அங்கன இதுக்கு எம்மாம் பெரிய பாய்லர் தெரியுமா? பொக, சத்தம், ஷிப்டு மாத்தி ஷிப்டு. இங்கன ஒரு சத்தமும் இல்லாம இந்த மரம் செஞ்சிக்கிட்டு நிக்கி. எவ்வளவு நாளா நடக்குது இது?"

"மொளச்சதுலருந்து நடக்குது."

"யா அல்லா! எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலியே!"

சரி, மனசு இளகிவிட்டது என்று நினைத்தேன். "அப்ப மரத்த விட்டுருவியளா பாய்?"

"அது வேற, இது வேற டீச்சர். திருடன் கெட்டிக்காரன்னு விட்டுருவாங்களா?"

வார்டு

மறுநாள் காலையில் ஒரு கட்டுப் பாலிதீன் பைகளோடு வந்துவிட்டார். எட்டிய கிளைகளிலெல்லாம் கட்டினார். எட்டாத கிளைக்கு ஸ்டூல் கேட்டார். ஸ்டூலை ஆடாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னது என்னை. எந்த மரத்தை வெட்டப் போகிறாரோ அந்த மரத்தில் ஏற ஸ்டூல் பிடித்துக் கொடுத்த ஒரே முட்டாள் நானாகத்தான் இருப்பேன்.

தினமும் சாயங்காலம் எல்லாப் பையையும் வடித்துக் கிணற்றில் சேர்ப்பார். "இது அமானிதம் டீச்சர். ஒப்படைச்சிரணும்" என்பார். பத்திரமாக வைத்திருந்து உரியவரிடம் கொடுக்க வேண்டிய பொருளாம். உரியவர் கிணறு.

தெருவில் விஷயம் பரவாமல் இருக்குமா? நாவல் என்றாலே நம் ஊரில் சர்க்கரை வியாதிக்கு மருந்து. நாவல்மரமே தானாக மருந்துத்தண்ணி வடிக்கிறதாம் என்று பேச்சுக் கிளம்பி, பாட்டிலும் கையுமாக ஆட்கள் வந்து நின்றார்கள். ஒரு அம்மா செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து மரத்தைத் தொட்டுக் கும்பிட்டாள். பாய் வழிமறித்துக்கொண்டு நின்றார். "இது என் கெணத்துத் தண்ணிம்மா. சக்கர கொறயும்னா நான் ஏன் இன்னும் மாத்திர போடுதேன்?"

பைக்குள் மாட்டிய இலைகள் வெந்து வதங்க ஆரம்பித்தன. "மச்சான் வாரதுக்கு முன்னாடி நீங்களே கொன்னுருவிய போலுக்கே!" என்று சண்டைக்குப் போனேன். என் கணவர்தான் நடுவில் பேசினார்.

"பாய், ஆஸ்பத்திரில எனக்கு ட்ரிப் போட்டப்ப தெனமும் கைய மாத்திக் குத்துனாங்க. நீங்களும் கெளய மாத்துங்களேன்."

பாய்க்கு அது சரியென்று பட்டது. அன்றிலிருந்து காலையில் ஒரு சுற்று, சாயங்காலம் ஒரு சுற்று. வதங்கிய கொத்தைத் தடவிவிட்டு, "பொறுத்துக்கோ, நாளைக்கு ஒனக்கு லீவு" என்பார். பைகள் தொங்கும் மரமும் கீழே நாற்காலியில் என் கணவருமாக எங்கள் முற்றம் ஒரு வார்டு மாதிரியே இருந்தது.

ஒருநாள் மூடாப்புப் போட்டுக்கொண்டு வெயிலே இல்லை. பைகளில் ஈரம் மட்டும்தான். பாய் பதறிக்கொண்டு வந்தார்.

"டீச்சர், இன்னைக்கு மரத்துக்கு மேலுக்குச் சொகமில்லையா? ஒண்ணுமே எறங்கல."

"வெயில் இல்லைன்னா அவ்வளவு போவாது பாய்."

"அப்படியா? நான் ஒரு நிமிசம் பயந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, பயந்ததாகச் சொன்னது நினைவுக்கு வந்ததும், "தண்ணிக்காகத்தான்" என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்.

மழை இல்லாத மழை

அந்தச் சாயங்காலங்களில்தான் என் கணவர் மாஞ்சோலைக் கதையைப் பாயிடம் சொன்னார். அதிகம் பேசாத மனிதர். சொன்னது எனக்கே ஆச்சரியம்.

கல்யாணமான புதிதில் நாங்கள் இருவரும் மாஞ்சோலைக்குப் பஸ் ஏறினோம். மலைமேல் இறங்கியதும் காட்டோரமாக நடந்தோம். ஒரே மஞ்சு மூட்டம். மரங்களுக்குக் கீழே நல்ல மழை. புதுமாப்பிள்ளை அல்லவா, இவர் தன் சட்டையைக் கழற்றி என் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு, பனியனோடு நடுங்கியபடி நடந்து வந்தார். மரங்களைத் தாண்டித் தேயிலைப் பக்கம் வந்தால் ஒரு சொட்டு இல்லை. அங்கே நின்ற ஆட்கள் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்கள். மழையே பெய்யாத இடத்தில் பனியனோடு ஒருத்தர், சட்டையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு!

"சார், அது மழையில்ல. மஞ்சு எலயில பட்டுச் சொட்டுது" என்றார் அவர்களோடு நின்ற பஸ் டிரைவர். மேகம் அந்த வழியாகப் போனால் மரங்கள் அதைச் சும்மா விடுவதில்லை. இலையால் தடவி, பிடித்து, கீழே சொட்ட வைத்துவிடுகின்றன. மழைமானியில் ஏறாத மழை.

"மேகத்துலருந்தேவா திருடுது?" என்றார் பாய். குரலில் மரியாதை இருந்தது.

பிறகு வெயில் உச்சிக்குப் போனது. கிணற்றில் தரை தெரிகிற அளவு. பாய் வீட்டில் ஒரு நேரம்தான் மோட்டார் போட்டார்கள். வெயில் அப்படிக் கொளுத்தியும் பைகளில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. பாய் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மூடாப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. பொறவு ஏன் டீச்சர்?"

"அடியில தண்ணி கொறஞ்சா எலயில உள்ள துளைய மூடிக்கிடும் பாய். இருக்கிறத வச்சிச் சமாளிக்கும்."

பாய் ஓர் இலையை விரலால் தடவிக்கொடுத்தார். அப்புறம், "அதுவும் ஒரு நேரம்தான் மோட்டார் போடுதோ?" என்றார்.

அன்றைக்குப் பைகளையெல்லாம் அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார். ஆனால் மச்சானை வரவேண்டாம் என்று சொன்னாரா? சொல்லவில்லை. சொன்ன சொல்லைத் திருப்பி வாங்க அவருக்கு வராது. எனக்கோ இரண்டாம் தடவை வலியப் போய்க் கேட்க வராது. நடுவில் என் கணவருக்கு 'வேண்டாம்' என்கிற வார்த்தையே வராது. மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டு அந்த நாளுக்காகக் காத்திருந்தோம்.

மச்சான் வந்த நாள்

ரிஸ்வானா வந்து சேர்ந்த மறுநாள் காலையிலேயே மச்சான் வந்துவிட்டார். தோளில் பெட்ரோல் மெஷின், கையில் கயிறு. அன்றைக்குப் பார்த்து மராமத்து வேலைக்காக ஊர் முழுக்கக் கரண்ட் கிடையாது.

பாய் எங்கள் கேட்டுக்கு வெளியே நின்று தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். உள்ளே வரவும் இல்லை, மச்சானைத் தடுக்கவும் இல்லை. நான் வாசலில் நின்றேன். என் கணவர் எங்கள் எல்லோரையும் ஒரு தடவை பார்த்தார். எழுந்தார். கனமான எதையும் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தும், தன் வயர் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டுபோய், வெயிலில் காயும் சுவரோரம் போட்டார். மச்சானுக்கு இடம் விட்டாராம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில்கூட அழாதவள் நான்.

அந்த நேரம் பாய் வீட்டுக் கதவு திறந்தது. ரிஸ்வானா பெரிய வயிற்றோடு, முகமெல்லாம் வேர்த்து, ஓர் அட்டையால் விசிறிக்கொண்டே எங்கள் கேட்டுக்குள் வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. நாற்காலியைப் பார்த்தாள். அதைத் தரதரவென்று இழுத்து மரத்தடியில் போட்டு உட்கார்ந்து காலை நீட்டினாள்.

"எம்மா! வீட்டுக்குள்ள இருந்தா வெந்துருவேன் வாப்பா. இங்கன என்னா குளுமை! கரண்டு வாரவரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்."

"எந்திரி மக்கா. மரம் அறுக்கணும்" என்றார் மச்சான்.

"எந்த மரத்த மாமா?"

"இந்த மரத்தத்தான்."

அவள் மேலே பார்த்தாள். அவிழ்க்க மறந்த ஒரு பை மேல்கிளையில் தொங்கியது. "இதென்ன வாப்பா, மரத்துல கவரு தொங்குது?"

பாய் தொண்டையைச் செருமினார். மகள் கேட்டுவிட்டாள், சொல்லாமல் இருக்க முடியுமா? ஆரம்பித்தார். வேர், இலை, ஆவி, மேகம். வளைகுடா ஆலை, பாய்லர், ஷிப்டு. மாஞ்சோலை மஞ்சு, பனியன். நான் ஒரு கல்வியாண்டு முழுக்க நடத்துகிற பாடத்தைக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லி முடித்தார். மச்சான் தோளில் மெஷினை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு கேட்டார்.

"அதாவது மச்சான், இது மேகத்துக்குப் போற தண்ணி. நடுவுல நாம கைய வைக்கப்படாது. அதுவே தண்ணியில்லாம ஒரு நேரம்தான் குடிச்சிக்கிட்டு நிக்கி. அதப் போயி அறுக்கச் சொல்லுதீரே, மனுசனா வே நீரு?"

"நானா சொன்னேன்? நீருல்லா வே வரச்சொன்னீரு!"

"பிரியாணி சாப்பிட வரச்சொன்னேன்" என்றார் பாய்.

மெஷினைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் வந்தவருக்கு மனசு கேட்கவில்லை. வந்ததற்குப் பாய் வீட்டு முருங்கையில் ஒரு கொப்பை அறுத்துவிட்டு, பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போனார். ஜைனம்பு அந்த முருங்கைக் கொப்புக்காக அவரை இன்னும் மன்னிக்கவில்லை.

மரம் பிழைத்தது. ஆனால் நாற்காலி போய்விட்டது. அன்றிலிருந்து மத்தியானமெல்லாம் ரிஸ்வானாதான் அதில். என் கணவர் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து "அதுக்கென்னம்மா, நீ இரு" என்பார்.

மழையில்லாமல் ஏறிய கிணறு

ஆனி பிறந்தது. எங்கள் ஊரில் ஒரு தூறலும் இல்லை. மேற்கே மலை மட்டும் நாள் முழுக்கக் கறுத்துக் கிடந்தது. மரத்தில் பழம் பழுத்து விழுந்து, பாய் வீட்டில் காயப்போட்ட வெள்ளை வேட்டியெல்லாம் ஊதாப் புள்ளி.

ஒருநாள் விடிந்ததும் மதில்மேல் பாயின் தலை தெரிந்தது. "டீச்சர்! டீச்சர்! கெணறு ஏறிட்டு!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். தரை தெரிந்த கிணற்றில் அடி உறை முங்கத் தண்ணீர் நின்றது.

"நான் ஊத்துனது வீணாப் போகல பாத்தியளா? சொம்பு சொம்பா நல்ல நிய்யத்தோட, மனசாரத்தான் ஊத்துனேன். அல்லா பரக்கத்து செஞ்சி ஒண்ணப் பத்தாப் பெருக்கிட்டான்."

அந்த முகத்தைப் பார்த்தால் சும்மா விட்டிருக்க வேண்டும். ஆனால் வாத்தியார் வாய் சும்மா இருக்குமா? சொல்லிவிட்டேன். மலையில் மழை, அணை நிறைகிறது, கார்நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்துவிட்டார்கள், நம் தெருவுக்குப் பின்னால் பாளையங்கால்வாயில் தண்ணீர் ஓடுகிறது, அது ஊறித்தான் எல்லாக் கிணறும் ஏறுகிறது. அந்த மலையில் காடு இருப்பதால்தான் பெய்த மழை ஒரே நாளில் அடித்துக்கொண்டு போகாமல், சருகிலும் வேரிலும் தங்கி, பைய இறங்கி வருகிறது.

பாய் மலையைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார்.

"அப்ப அங்கன உள்ள மரம் தண்ணி குடுக்கு. இங்கன உள்ள மரம் அதக் குடிக்கி. நடுவுல இவ்வளவு நாளா நான் யார்ட்ட சண்ட போட்டேன்?"

"எங்கிட்ட."

"ஆமால்லா" என்றார். பிறகு மதிலுக்கு மேலே ஒரு தட்டு முருங்கைக்காய்ப் பிரட்டல் வந்தது.

அந்த வாரமே ரிஸ்வானாவுக்குப் பெண்குழந்தை பிறந்தது. தண்ணீருக்கு ஒரு குறையும் இல்லை.

ஒரு சொட்டு

ஐப்பசியில், ரிஸ்வானா குழந்தையோடு ஷார்ஜாவுக்குத் திரும்புவதற்கு முந்தின நாள், சொல்லிக்கொண்டு போக எங்கள் வீட்டுக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். நல்ல மழை பிடித்துக்கொண்டது. பெய்து ஓய்ந்தது. மேகம் கலைந்து மஞ்சள் வெயிலும் வந்துவிட்டது. எல்லோரும் மரத்தடிக்கு வந்து நின்றோம். தெருவில் மழை இல்லை. நாவல்மரத்துக்குக் கீழே மட்டும் பெய்துகொண்டே இருந்தது.

"மாஞ்சோலை" என்றார் என் கணவர், என்னைப் பார்த்து. நாற்காலி அவரிடம் திரும்பி வந்திருந்தது.

ஒரு சொட்டு குழந்தையின் நெற்றியில் விழுந்தது. குழந்தை கண்ணைக் கொட்டிக்கொட்டி விழித்தது. ரிஸ்வானா முந்தானையால் துடைக்கப் போனாள்.

"தொடைக்காதம்மா" என்றார் பாய். "நம்ம கெணத்துத் தண்ணிதான்."

எனக்குப் பொறுக்கவில்லை. "பாய், ஐப்பசி மழை வங்காள விரிகுடாவுலருந்து வருது."

"அங்கன எப்படிப் போச்சாம் டீச்சர்?" என்றார் பாய்.

ஆறு நினைவுக்கு வந்தது. புன்னைக்காயலில் அது கடலில் போய்ச் சேருவது நினைவுக்கு வந்தது. சுவரில் தொங்கிய படமும் நினைவுக்கு வந்தது.

பாய் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டார். "அங்கன போனா எம் பேத்திக்குக் காய்ச்சுன தண்ணிதான். எனக்குத் தெரியும். அத்தன வருசம் குடிச்சவன். ஒரு தடவ நனஞ்சிட்டுப் போகட்டும்" என்றார். ஒரு கையால் தாழ்ந்த கிளையைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினார்.

மரம் அவ்வளவு நேரம் பிடித்து வைத்திருந்ததெல்லாம் எங்கள் தலையில் கொட்டியது. "ஏளா, பச்சப்பிள்ளைக்குச் சளி புடிக்கும், வாங்கு, வாங்கு!" என்று ஜைனம்பு அலறினாள். நனைந்த குழந்தை பொக்கை வாயைத் திறந்து சிரித்தது.

என் கணவரும் சிரித்தார். தலையிலிருந்து தண்ணீர் வழிய, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரிச் சிரித்தார். நெஞ்சைப் பிடித்துக்கொள்ளவில்லை.